தாதூ மாவட்டத்துக்கு ஒரு ஸ்கூட்டர்

நான் ஓய்வுபெற்ற அன்று சவுத்தாலில் உள்ள எங்கள் கார்கோ கடையில் கேக் வெட்டினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், எங்கட ஆட்கள்தான், வாயில் கேக்கோடு என்னிடம் வந்தார்கள்.

"அங்கிள், இவ்வளவு வருஷமும் நீங்கள் இஞ்சை என்ன வேலை செய்தனீங்கள்?"

"முகவரி எழுதினனான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுக்கு ஒரு ஆளா?"

அவர்கள் மீது பிழையில்லை. இப்போது வாடிக்கையாளர் வருகிறார், போனைத் திறக்கிறார், வரைபடத்தில் ஓரிடத்தில் விரலை வைக்கிறார். ஒரு சிவப்புக் குத்து விழுகிறது. பொதி அங்கே போய்ச் சேர்கிறது. ஊர்ப்பெயர் வேண்டாம், தாலுகா வேண்டாம், யாருடைய மகன் என்று கேட்க வேண்டாம். நான் வேலை செய்த காலத்தில் அந்தச் சிவப்புக் குத்து நான்தான்.

எங்கள் கடை பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்குப் பொதி அனுப்பும் கடை. அதிலும் பெரும்பகுதி தாதூ என்ற ஒரே மாவட்டத்துக்குப் போகும். காரணம், கடையின் முதலாளி அந்தப் பக்கத்தவர். அவரைச் 'சாயீன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சிந்தி மொழியில் அது 'ஐயா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். நானோ சுன்னாகத்தில் பிறந்து, ஜேர்மனியில் ஒரு களஞ்சியத்தில் பொதி தரம்பிரித்துக்கொண்டிருந்து, பிறகு மனைவியின் தங்கை சொன்னாள் என்பதற்காக வெம்பிளிக்கு வந்து சேர்ந்தவன். சிந்தி மொழியில் ஒரு சொல் தெரியாது. ஜேர்மன் மொழி தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். சாயீன் அதைக் காதில் வாங்கவில்லை. சுவரில் தொங்கிய உலக வரைபடத்தைக் காட்டி, சிந்து எங்கே என்று கேட்டார். காட்டினேன். வேலை கிடைத்துவிட்டது. எனக்கு முன்னால் வந்தவர் இந்து சமுத்திரத்தைக் காட்டினாராம்.

சாயீனுக்கு என் பெயர் வாயில் வரவில்லை. சிவபாதம் என்ற நான் அவருக்குக் கடைசிவரை 'ஷிவ்பாத்'தான். நாங்கள் கதைத்த மொழி உடைந்த ஆங்கிலமும் கடன் வாங்கிய உருதும். இந்தக் கட்டுரையில் சாயீனும் மற்றவர்களும் யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைப்பார்கள். வேறு விதமாக அவர்களைக் கதைக்க வைக்க எனக்குத் தெரியாது.

முதல் வாரம் வந்த முகவரிகளில் எல்லாம் 'கோட்' என்று ஒரு சொல் இருந்தது. கோட் இன்னார், கோட் அன்னார். குளிர் நாட்டிலிருந்து இத்தனை பேர் வெயில் நாட்டுக்கு மேல்கோட் அனுப்புகிறார்களே என்று வியந்துகொண்டே எழுதினேன். பிறகுதான் தெரிந்தது, கோட் என்றால் சிந்தியில் கிராமம். அந்தக் கிராமங்களுக்குப் பெரும்பாலும் ஆட்களின் பெயர்தான். ஊரில் பெரிய மனிதர் யாரோ, அவர் பெயரே ஊரின் பெயர். அவர் இறந்து வேறொருவர் பெரிய மனிதரானால் ஊரின் பெயரும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். ஒரே பெயரில் மாவட்டம் முழுக்க எத்தனையோ கோட்கள். சுன்னாகம் சுன்னாகமாகவே இருக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

சாயீன் எனக்கு மாவட்டத்தைச் சோற்றுக் கோப்பையில், அதாவது சாப்பாட்டுத் தட்டில்தான், சொல்லித் தந்தார். மதியச் சாப்பாடு வந்ததும் தன் கோப்பையை என் பக்கம் திருப்புவார். மேற்கே அப்பளத்தை உடைத்துச் செங்குத்தாகக் குத்துவார். அது கீர்தர் மலை. கிழக்கே கோப்பை விளிம்போடு பருப்பை ஓடவிடுவார். அது சிந்து நதி. நடுவில் சோறு. உண்மையிலேயே அங்கே கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிறது. தெற்கே ஒரு கரண்டி தயிர். அது மன்ச்சர் ஏரி, வள்ளங்களிலேயே பிறந்து வளர்ந்த மீனவர்கள் வாழும் இடம். பிறகு கரண்டியால் காட்டிக் கேள்வி கேட்பார். "மெஹர் எங்கை? ஜோஹி எங்கை?" சரியாகச் சொன்னால்தான் சாப்பிடத் தொடங்குவார். பிழையாகச் சொன்ன நாட்களில் சாப்பாடு ஆறிவிடும். என்னுடையதும்தான், ஏனென்றால் முதலாளி சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது?

எனக்கு அதிகம் பிடிபடாதது இரண்டு சொற்கள். மலைக்கும் வயல்களுக்கும் இடையில் ஒரு வறண்ட சமவெளி. அதன் பெயர் காச்சோ. சிந்து நதிக் கரையோரம் ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் நிலம். அதன் பெயர் கச்சோ. சாயீன் வாயில் இரண்டும் வெவ்வேறாகத்தான் வந்தன. என் காதில் ஒன்றாக விழுந்தன. கடைசியில் கானாவுக்குப் பக்கத்தில் போடும் அரவுதான், அந்தத் துணைக்கால்தான், என்னைக் காப்பாற்றியது. அரவு போட்டால் வறட்சி, அரவை எடுத்தால் வெள்ளம்.

ஒருநாள் மனைவி புவனா எனக்குப் புட்டு கட்டித் தந்தாள். சாயீன் எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டார். கண் விரிந்தது.

"ஷிவ்பாத், இதுதான் காச்சோ மண்!"

"இது அரிசிமா, சாயீன்."

"பேசாமல் இரு. சொதியை ஊத்து."

ஊற்றினேன். புட்டு அவ்வளவையும் குடித்துவிட்டு மறுபடி வெள்ளையாகக் கிடந்தது. சாயீன் தலையை ஆட்டினார். "அப்பிடியேதான். ஊரிலை ஒரு துளி மழை இருக்காது. மலையிலை பெய்யும். காய்ஞ்சு கிடக்கிற ஆத்திலை தண்ணி உருண்டு வரும், ஆடு மாடு எல்லாத்தையும் அடிச்சுக்கொண்டு. அடுத்த கிழமை பாத்தால் ஒண்டும் நடக்காத மாதிரி காய்ஞ்சு கிடக்கும்." அந்தக் காட்டாற்றுக்கு அவர்கள் 'நை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று முழுப் புட்டையும் சாயீனே சாப்பிட்டார்.

நிர்வாகம் எனக்குச் சுலபமாக இருந்தது. மாவட்டத்துக்கு ஒரு துணை ஆணையர், எங்கள் ஊர் மாவட்டக் கச்சேரியில் இருக்கும் அரசாங்க அதிபர் மாதிரி. தாலுகாவுக்கு முக்தியார்கார் என்றொரு அதிகாரி. அதற்குக் கீழே காணி விவகாரம் பார்க்கும் தப்பேதார். அவரை நான் எங்கள் ஊர்க் கிராம அதிகாரியான விதானையார் என்று மனதில் வைத்துக்கொண்டேன், அதன்பிறகு ஒரு சிக்கலும் இல்லை. காணிப் பதிவின் கடைசிப் பிரிவுக்குத் 'தேஹ்' என்று பெயர். ஒரு தேஹுக்குள் பல கோட்கள் இருக்கும். தேஹ் வயலின் பெயர், கோட் ஆட்களின் பெயர். இதற்கெல்லாம் பக்கத்திலே ஒன்றியக் கவுன்சில் என்று வேறொரு ஏணி. இங்கே ஈலிங் கவுன்சில், அங்கே ஒன்றியக் கவுன்சில். குப்பை அள்ளவில்லை என்ற முறைப்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மக்கள்தொகை மட்டும் ஒருபோதும் பிடிபடவில்லை. காச்சோவில் மழை பொய்த்தால் முழுக் குடும்பமும் மாடுகளோடு கால்வாய்ப் பக்கத்து வயல்களுக்குக் கூலிவேலைக்குப் போய்விடும். மழை வந்தால் திரும்பும். ஒரு கோட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சாயீனிடம் கேட்டால், "எந்த மாசம்?" என்று திருப்பிக் கேட்பார்.

ஒரு முறை மாவட்டத்தையே பிரித்துவிட்டார்கள். தெற்குப் பக்கத்துத் தாலுகாக்களை வெட்டி எடுத்து ஜாம்ஷோரோ என்று புது மாவட்டம் செய்தார்கள். சாயீன் பிறந்த ஊர் அந்தப் பக்கம். அன்று மதியம் அவர் கோப்பையில் சோற்றை நடுவால் பிரித்து, தெற்குப் பாதியையும் தயிரையும் வேறொரு கோப்பைக்குத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைக் கேக்காமல் செய்திட்டாங்கள்" என்றார். தயிரை அவர் தொடவில்லை. அதன்பிறகு பல மாதங்கள் அவர் எழுதிய முகவரிகளில் அந்த ஊர்களெல்லாம் தாதூவிலேயே இருந்தன. நான் பின்னால் ஒளிந்து நின்று திருத்தினேன்.

இனிச் சகீனாவின் கதைக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு அன்று கேக் முடிவதற்குள் சொல்ல முடியாமல் போனது இதைத்தான்.

சகீனா ஹேய்ஸில் இருந்தார். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் ஷிப்ட் வேலை. என்னை 'அதா' என்று கூப்பிடுவார். சிந்தியில் அண்ணன். ஒருநாள் ஒரு வான் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து இறங்கினார். வானில் ஒரு ஸ்கூட்டர். நடக்க ஏலாதவர்கள் இங்கே கடைத்தெருவில் ஓட்டிப் போவார்களே, நாலு சில்லும் பற்றரியும் முன்னால் ஒரு கூடையும் வைத்தது, அது. சிவப்பு நிறம். ஹோர்ன் அடித்தால் வாத்துக் கத்துவது போல இருக்கும்.

"அப்பாவுக்கு, அதா. ஒட்டகத்திலை இருந்து விழுந்து இடுப்பு உடைஞ்சு போச்சு. வீட்டு முத்தத்தை விட்டு வெளியிலை வந்து கனகாலம். கட்டிலிலை இருந்து வாசலைப் பாத்துக்கொண்டே இருக்கிறாராம்." பிறகு குரலைத் தணித்தார். "ஒட்டகம் அந்த நேரம் படுத்துத்தான் இருந்தது. அதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதைங்கோ."

அப்பாவின் பெயர் ஜுமன். காச்சோவில், ஜோஹி தாலுகாவில் ஒரு சின்னக் கிராமத்தின் பெரிய மனிதர். சிக்கல் என்னவென்றால் அந்தக் கிராமத்துக்கு இன்னொரு பெரிய மனிதரும் இருந்தார். ஜுமனின் தம்பி பச்சல். ஊரின் நடுவால் ஒரு நை போகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். அதற்கு இந்தக் கரையில் அண்ணன், அந்தக் கரையில் தம்பி. இவர்களுடைய தகப்பன் இறந்தபிறகு ஊருக்கு யார் பெயர் என்று பிரச்சினை வந்தது. அண்ணன் கரையில் 'கோட் ஜுமன்' என்று பலகை. தம்பி கரையில் 'கோட் பச்சல்' என்று பலகை. சகோதரர்கள் இருவரும் கதைத்தே வருடக்கணக்காகிவிட்டது.

ஆனால் அரசாங்கத்துக்கு ஊருக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும். குடிசனக் கணக்கெடுக்க வந்தவர் தேத்தண்ணீர் குடித்தது பச்சல் வீட்டில். ஆகவே ஒன்றியக் கவுன்சிலில் அது கோட் பச்சல்.

தன் சொந்த ஊரை விட்டால், சாயீன் முகவரி விஷயத்தில் வளைந்து கொடுக்காதவர். "அரசாங்கம் எப்பிடிச் சொல்லுதோ அப்பிடி எழுது." நான் எழுதினேன். ஸ்கூட்டர் கப்பலேறியது. கராச்சியில் இறங்கியது. தாதூ நகரத்துக் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து மீரல் என்ற எங்கள் ஓட்டுநரின் ஜீப்பில் ஏறி, ஜுமனின் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மீரல் கடைக்குப் போன் எடுத்தார். "கையெழுத்துப் போடமாட்டன் எண்டுறார்."

"ஏன்?"

"பொதியிலை கோட் பச்சல் எண்டு கிடக்குதாம். அந்தப் பேரிலை தனக்கு ஊர் இல்லையாம். கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்ட மாதிரிப் போயிடுமாம். கட்டிலிலை படுத்துக்கொண்டே என்னை வெளியிலை போகச் சொன்னார். ஸ்கூட்டரை மட்டும் ஒருக்கால் வடிவாப் பாத்தவர்."

கையெழுத்து இல்லாமல் பெரிய சாமானை இறக்கக்கூடாது என்பது எங்கள் விதி. ஸ்கூட்டர் தாதூவுக்குத் திரும்பியது. சகீனா ஷிப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்து கதிரையில் இருந்து அழுதார். சாயீனுக்கு யாராவது அழுதால் தாங்காது. விதியைத் தளர்த்தினார். "சரி, கோட் ஜுமன் எண்டு மாத்தி எழுது. ஆனால் நான் பாக்கேல்லை." அவர் உண்மையிலேயே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் எழுதி அனுப்பினேன். அங்கே புது லேபலை ஒட்டிக்கொண்டு மீரல் புறப்பட்டார்.

மறுபடி போன். "இப்ப பச்சல் மறிக்கிறார்."

"அவருக்கு என்ன?"

"பெருந்தெருவிலை இருந்து வாற பாதை அவரின்றை பக்கத்தாலைதானே. தடி போட்டு மறிச்சு லேபலை வாசிச்சார். இந்தப் பேரிலை இஞ்சை ஊர் இல்லை, நீ வழி மாறி வந்திட்டாய் எண்டு சொல்லி, நல்ல தேத்தண்ணியும் தந்து திருப்பி அனுப்பிப்போட்டார்."

என் அனுபவத்தில் பொதி தொலைந்திருக்கிறது, நனைந்திருக்கிறது, ஒருமுறை ஆடு தின்றிருக்கிறது. இரண்டு பெயரிலும் போய்ச் சேராத பொதி இதுதான் முதல் தடவை. சகீனா அன்று அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பேசாமல் வித்துப்போடச் சொல்லுங்கோ, அதா. அவர் கட்டிலிலேயே கிடந்து சாகட்டும்" என்றார்.

"இருங்கோ பிள்ளை" என்றேன். "ஊர்ப்பேரே இல்லாமல் எழுதுவம். மாவட்டம், தாலுகா, தேஹ். தேஹ் வயலின்றை பேர்தானே. அதிலை அப்பாவுக்கும் பிரச்சினையில்லை, சித்தப்பாவுக்கும் பிரச்சினையில்லை."

சாயீன் குறுக்கே வந்தார். "அந்தத் தேஹ் வெம்பிளி அளவு கிடக்கும். அடையாளம் ஒண்டு வேணும்."

அடையாளம் தேடத் தொடங்கினோம். அதுவும் யாருக்கும் சொந்தமில்லாத அடையாளம்.

"வேப்பமரம்?" என்றேன்.

"சித்தப்பாவின்றை" என்றார் சகீனா.

"குழாய்க்கிணறு?"

"அப்பாவின்றை."

"பள்ளிக்கூடம்?"

"காணி அப்பா குடுத்தது. வாத்தியார் சித்தப்பாவின்றை மருமோன்."

"பள்ளிவாசல்?"

"இரண்டு இருக்கு."

"அந்த ஒட்டகம்?" என்று சாயீன் கேட்டார்.

"ஒட்டகத்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

நான் சாயீனின் சோற்றுக் கோப்பையை நினைத்துப் பார்த்தேன். மலை, காச்சோ, அதை அறுத்துக்கொண்டு ஓடும் நை.

"அந்த ஆறு ஆரின்றை?"

சகீனா யோசித்தார். "ஆறு நீர்ப்பாசனத் திணைக்களத்தின்றை."

"அப்ப ஆத்துக்கு அனுப்புவம்."

சாயீன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "உனக்கு விசரே? ஆத்துக்குப் பொதி அனுப்பினால் கையெழுத்து மீனே போடும்?"

"அங்கை மீன் இல்லை, சாயீன். தண்ணியே இல்லை."

"இப்ப இல்லை. மழைக்காலம் தொடங்கியிட்டுது. மலையிலை பெய்ஞ்சால்?"

அவர் உடனே மீரலுக்குப் போன் எடுத்து, மலைப்பக்கம் முகில் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, தொப்பி அளவு என்றார் மீரல். நாளைக்கே முடித்துவிடச் சொல்லிச் சாயீன் கட்டளையிட்டார். முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு முகவரி போனதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, தன் கையாலேயே எழுதினார். மாவட்டம் தாதூ. தாலுகா ஜோஹி. தேஹின் பெயர். அதற்குக் கீழே: காய்ந்த ஆற்றின் நடு.

மறுநாள் சகீனா வேலைக்கு லீவு போட்டார். கவுண்டரில் டேப் உருளைக்கு முண்டுகொடுத்து என் போனை நிறுத்திவைத்தோம். மீரல் வீடியோவில் வந்தார். கடையில் பொதி கட்ட வந்தவர்களும் கட்டுவதை விட்டுவிட்டு எங்கள் பின்னால் கூடிவிட்டார்கள். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பஞ்சாபிக்காரர் என்ன கிரிக்கெட் என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றவர், போகவேயில்லை.

பச்சல் இம்முறை மறிக்க முடியவில்லை. லேபலில் மறிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மீரல் ஜீப்பை ஆற்றுக்குள் இறக்கி, நடு மணலில் சிவப்பு ஸ்கூட்டரை வைத்தார். இந்தக் கரையில் ஜுமனின் ஆட்கள், அந்தக் கரையில் பச்சலின் ஆட்கள், கையில் தேத்தண்ணீரோடு. ஜுமனைக் கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புது உடுப்பு, பெரிய தலைப்பாகை. அவர் லேபலை எழுத்துக்கூட்டி வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். சவுத்தாலில் நாங்கள் கைதட்டினோம்.

அவரை ஸ்கூட்டரில் ஏற்றியதும் அவர் கையை உயர்த்தி ஏதோ சொன்னார். சகீனா மொழிபெயர்த்தார். "ஒருத்தரும் தொடக்கூடாதாம். எல்லாரும் கரைக்குப் போகட்டாம். தானே ஓட்டிக்கொண்டு வருவாராம்."

எல்லோரும் கரைக்குப் போனார்கள். ஜுமன் ஹோர்னை அடித்தார். ஆற்றங்கரை முழுக்கச் சிரித்தது. பிறகு முறுக்கினார். சில்லு சுழன்றது, மணல் பறந்தது, ஸ்கூட்டர் அசையவில்லை. மறுபடி முறுக்கினார். சில்லு இன்னும் கொஞ்சம் புதைந்தது. மறுபடி ஹோர்ன் அடித்தார்.

அப்போது போனில் ஓர் இரைச்சல் கேட்டது. லொறி வருகிறதா என்று நான் கேட்டேன். சாயீனின் முகம் மாறிவிட்டது. போனைப் பிடித்துக் கத்தினார். "மீரல்! மலையைக் காட்டு!" படம் சுழன்றது. தொப்பி அளவு முகில் இப்போது மலையையே காணவிடாமல் கறுத்துக் கிடந்தது.

"நை வருது" என்றார் சாயீன்.

கரையில் எல்லோரும் கத்தினார்கள். ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. ஜுமன் ஒரு கையால் முறுக்கிக்கொண்டு மறு கையை உயர்த்தி, தொடக்கூடாது, தொடக்கூடாது என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். பெரிய மனிதரின் சொல்லை மீறி அந்தக் கரையில் யாருக்கும் பழக்கமில்லை. சகீனா என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

அந்த ஊரில் ஜுமனின் சொல்லை ஒருநாளும் கேட்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். எதிர்க்கரையிலிருந்து ஒரு தடித்த மனிதர் தேத்தண்ணீர்க் கோப்பையை எறிந்துவிட்டு மணலில் உருண்டு இறங்கி வந்தார். வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். எனக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது. "அதா! அதா!"

"என்ன சொல்லுறார்?" என்று பஞ்சாபிக்காரர் கேட்டார்.

சகீனா அழுதுகொண்டே சொன்னார். "அண்ணை, அந்தக் கோதாரி ஹோர்னிலை இருந்து கையை எடு எண்டுறார்."

பச்சல் பின்னால் நின்று தோளைக் கொடுத்தார். மீரலும் ஓடினார். அதன்பிறகு நாங்கள் பார்த்தது மீரலின் செருப்பு, வானம், மணல், மறுபடி செருப்பு. இரைச்சல் பெரிதாகியது. தொடர்பு அறுந்தது.

மறுபடி எடுத்தோம். போகவில்லை. சாயீன் கடைக்குள் மேலும் கீழும் நடந்தார். என்னைப் பார்த்து, "ஆத்துக்கு அனுப்புவமாம், ஆத்துக்கு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரோ தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவரும் குடிக்கவில்லை. பொதி கட்ட வந்தவர்களும் வீட்டுக்குப் போகவில்லை.

கடைசியில் ஒரு படம் வந்தது. வேப்பமரத்தடியில் சிவப்பு ஸ்கூட்டர். அதன்மேல் முழங்கால்வரை சேற்றோடு, தலையில் தலைப்பாகை இல்லாத ஜுமன். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பச்சல். இருவரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு முறைத்தபடி இருந்தார்கள். பின்னால் ஆறு, மண்ணிறத்தில், கரை முட்ட.

வேப்பமரம் யாருடையது என்று எனக்குத் தெரியும். கிட்டிய கரை அதுதான், தள்ளி ஏற்றிவிட்டார்கள். இனித் தண்ணீர் வற்றும்வரை ஜுமன் தன் வீட்டுக்குப் போக ஏலாது. தம்பி வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். சகீனா படத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். சாயீன் சகோதரர்களைப் பார்க்கவேயில்லை. பின்னாலிருந்த தண்ணீரைத்தான் பார்த்தார். "பார் ஷிவ்பாத், என்ன வடிவு" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

தண்ணீர் வற்றுவதற்குள் தம்பி கரையிலிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஜுமன் ஸ்கூட்டரில் போய்வந்துவிட்டாராம். பாதை சரியில்லை என்று பச்சல் பின்னால் நடந்து போனாராம். பிறகு நடக்க அலுத்துப் பின்னால் தொற்றிக்கொண்டாராம். காய்ந்த மண் இறுகினால் அது நல்ல ரோட்டு. அண்ணனும் தம்பியும் இப்போது கதைத்துக்கொள்கிறார்கள் என்று சகீனா சொன்னார். பெரும்பாலும் சண்டைதான், ஆனால் கிட்ட இருந்து.

ஊருக்கு யார் பெயர் என்ற வழக்கு மட்டும் எதிர்பாராத விதமாக முடிந்தது. ஜீப் ஓட்டுநர்களும் பால் எடுக்க வருபவர்களும் அந்த இடத்தைக் 'கோட் ஸ்கூட்டர்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சகோதரர்கள் இருவருக்கும் சரியான கோபம். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஒன்றியக் கவுன்சிலுக்குப் போய், இந்தப் பெயரை உடனே நிறுத்த வேண்டும் என்று முறையிட்டார்கள். அங்கிருந்த செயலாளர், "சரி, வேறு என்ன பேர் போடுவம்?" என்று பேனாவை எடுத்தாராம். இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். செயலாளர் பேனாவை மூடிவிட்டுத் தேத்தண்ணீருக்குச் சொன்னாராம்.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு சகீனா ஒரு புதுப் பற்றரி கொண்டுவந்தார். பழையது தேயத் தொடங்கிவிட்டதாம். என்ன ஊர் எழுதட்டும் என்று சாயீனைப் பார்த்தேன். அவர் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதினேன்: கோட் ஸ்கூட்டர்.

ஒரு கேள்வியும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. மீரல் போன் எடுத்தபோது சகீனா கவுண்டரில்தான் நின்றார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"குடுத்தாச்சோ?" என்றேன்.

"குடுத்தாச்சு. பச்சல் கையெழுத்துப் போட்டவர்."

"ஏன், ஜுமன் எங்கை?"

"அவர் வீட்டிலை இல்லை" என்றார் மீரல். "வெளியிலை போயிட்டார்."

எங்கள் தொழிலில் பெறுநர் வீட்டில் இல்லை என்பது கெட்ட செய்தி. சகீனா அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். மீரல் போனுக்குள் உரக்கக் கத்தினார், காது கேட்கவில்லை என்று நினைத்து.

"வீட்டிலை இல்லை! எப்ப வருவார் எண்டு தெரியாது!"